முதலில் வந்த எதிரொலி

கூடத்தில் ஆந்தை அலறியது.

சமையலறையில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்த ஷியாமளா தலையைக்கூடத் திருப்பவில்லை. அல் ஐனில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பட்டப்பகலில் ஆந்தை அலறுகிற வீடு அவளுடையது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பிருந்தா அதற்காகவே நல்ல நாளில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மடிக்கணினியை மூட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கனத்த ஒரு கூவல். சற்று இடைவெளி. இன்னொரு கூவல். மூன்றாவதன் நடுவே விக்கல் எடுத்தாற்போல் சின்னதாக ஒரு வெட்டு. விக்கலம்மாவேதான்.

அடுத்த நொடி அதே கூடத்திலிருந்து அவள் கணவர் பேசினார்.

“கேட்டுச்சா, ஷியாமு?”

“ம். கேட்டுச்சுங்க,” என்றாள் அவள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் இஞ்சி தட்டிய கை நின்றது. சேதுராமன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. அவருடைய சட்டைகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தது அவள் கைதான். அந்த மனிதர் எப்படிக் கூடத்தில் உட்கார்ந்து அவளைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்? பாத்திரத்தில் தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது. எரிவாயுவை மூடவேண்டும் என்ற நினைவு எங்கிருந்தோ வந்தது. மூடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

அங்கே சோபாவின் நுனியில் உஸைர் உட்கார்ந்திருந்தார். காட்டில் பொருத்தியிருக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளின் மெமரி அட்டைகளைக் கழற்றி எடுத்து வந்து கொடுப்பவர். ஆந்தைகள் கூவும் குளிர்காலம் முடியும்போதெல்லாம் இப்படி ஒரு சனிக்கிழமை வருவார், தேநீர் குடிப்பார், போவார். இப்போது கைபேசியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். பிடிபட்ட கோழியை வாயைப் பொத்தி வைத்திருப்பதுபோல் இருந்தது.

“தப்பாப் பட்டுடுச்சு மேடம்,” என்றார். “ஜுபைதா பேசி அனுப்பியிருந்தா. அதைக் கேக்கலாம்னு போட்டேன், விரல் வேற எதுலயோ பட்டுருச்சு.”

ஜுபைதா அவர் மனைவி. கீழக்கரையில் இருக்கிறாள். எழுத்தைக் கோத்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவள். சண்டையோ சமாதானமோ எல்லாவற்றையும் பேசியே அனுப்புவாள். அதில் ஷியாமளாவுக்குச் சந்தேகம் இல்லை. அவள் காதில் விழுந்ததே ஒன்றுதான்.

“இன்னொரு தடவை போடுங்க, உஸைர் பாய்.”

ஷியாமளாவின் வாழ்க்கையில் ஊர் கூடிப் பேசும்படியான சம்பவம் எதுவும் கிடையாது. திருச்சியில் விலங்கியல் படித்தாள். கல்யாணமாகிக் கணவரோடு விமானம் ஏறினாள். இங்கே ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று சொல்லிக் கொடுத்தாள். பிறகு, பாலைவனத்து ஓரம் நட்டு வளர்த்த காடுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. காடு என்றதும் இருட்டும் அருவியுமாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மணலுக்கு நடுவே வரிசை வரிசையாக மரங்கள், வேருக்கு வேர் சொட்டுநீர்க் குழாய். அரபிகள் காஃப் என்கிற மரம் நம் ஊர் வன்னிதான். நடுநடுவே இலந்தை. ஆனால் மரம் வந்த இடத்துக்கு முயல் வந்தது, முயலைத் தேடி நரி வந்தது, முள்ளெலி வந்தது, எல்லாருக்கும் பின்னால் ஆந்தையும் வந்தது.

இந்தக் காடு பொறுப்போடு பராமரிக்கப்படுகிறது என்று கம்பெனிக்கு ஒரு சான்றிதழ் உண்டு. ஒரு முறை வாங்கி மாட்டிவிட்டால் போதாது. மரம் நிற்கிறதா என்பதோடு, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள், போன வருஷம் இருந்தவர்கள் இந்த வருஷம் எங்கே என்றெல்லாம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மருந்து தெளிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்றும் கட்டுப்பாடு உண்டு. குடியிருப்பவர்களைக் கவனித்துச் சொல்வதுதான் ஷியாமளாவின் வேலை. கேமராக்கள் படம் எடுக்கும், கருவிகள் சத்தத்தைப் பிடிக்கும். அவள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பாள், கேட்பாள். வாடகை தராத குடித்தனக்காரர்களுக்கு நீ வாட்ச்மேன் என்று சேதுராமன் கேலி செய்வார்.

அவர்தான் அந்த ஆந்தைக்குப் பெயரும் வைத்தார். முதன்முதலில் அதைப் பதிவு செய்யப் போனபோது வண்டி ஓட்டி வந்தவர் அவர். மூன்றாவது கூவலில் குரல் வெட்டியதைக் கேட்டுவிட்டு, பாவம், தண்ணி குடிக்காமல் கத்துகிறாள், விக்கலம்மா என்றார். பதிவு ஓடிக்கொண்டிருப்பதை மறந்து ‘கேட்டுச்சா, ஷியாமு’ என்று கிசுகிசுத்ததும் அன்றுதான். கொம்பன் ஆந்தைகளில் ஆணின் குரல் தடித்திருக்கும். பெண்ணுக்குச் சுருதி சற்று மேலே. விக்கலம்மா பெண். அந்தப் பதிவைத்தான் ஷியாமளா பெருமையோடு உஸைருக்கு அனுப்பி வைத்தாள், இவள் குரலைப் பழகிக்கொள்ளுங்கள் என்று. அவளிடம் இருந்த பிரதி பிற்பாடு பழைய கணினியோடு போய்விட்டது. உஸைருக்கு அனுப்பியது அந்தத் துக்கத்தில் நினைவுக்கு வரவில்லை. கணவரின் குரலில் மிச்சமிருந்த அந்த இரண்டு சொல்லும் போயிற்று என்று அழுது தீர்த்திருந்தாள்.

அதுதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

உஸைர் தயங்கித் தயங்கிப் பொத்தானை அமுக்கினார். ஆந்தை கூவியது. சேதுராமன் கேட்டார். ஷியாமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை என்று கையைக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மூடிய கண்ணுக்குள்தான் அது நடந்தது. கணவரின் குரலுக்காகக் காத்திருந்த காது, அதற்கு முன்னால் இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது கூவலின் வாலில் மெல்லிய ஒரு கிணுக். சேதுராமன் கையில் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே நிற்பார், அதன் சத்தம்.

அந்தக் கிணுக்கை அவள் வேறு எங்கோ கேட்டிருக்கிறாள்.

எங்கே? போன குளிர்காலத்துப் பதிவில். அதற்கு முந்தைய குளிர்காலத்திலும். தண்ணீர் மோட்டார் அறையின் கதவுச் சங்கிலி காற்றில் ஆடுகிறது என்று முடிவு கட்டியிருந்தாள். சங்கிலியாவது, காற்றாவது. செத்துப்போன மனிதரின் கையிலிருந்த சாவி, அவர் போன பிறகு காட்டில் எப்படிக் கிணுங்கும்?

ஷியாமளா கண்ணைத் திறந்தாள். உஸைரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவேண்டிய கேள்விக்கு அதுவே பதிலாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“விக்கலம்மா எங்கே, உஸைர் பாய்?”

“மவுத்தாயிட்டா மேடம்,” என்றார் அவர்.

ஒரு பறவைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. மனிதர் இறந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, ஊசி பட்ட கட்டி உடைவதுபோல் எல்லாம் வெளியே வந்தது.

எலிகள் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் கடித்துத் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்த வருஷம். குழாய்களைப் பார்த்துக்கொள்வதும் உஸைரின் பொறுப்பு என்பதால் தொழிலாளர் கேம்ப்பில் நாள் தவறாமல் ஏச்சு. தொழிற்பேட்டையில் ஒரு கடையில் எலிமருந்து வாங்கி உஸைர் பழைய மரத்தோப்பில் வைத்தார். கூடாது என்று தெரியும். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தார். மருந்தைத் தின்று தள்ளாடிய எலியை விக்கலம்மா தின்றாள். வன்னி மரத்தடியில் இறக்கையை விரித்தபடி கிடந்தாள். அவரே குழி தோண்டி மூடினார். மேடத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று புறப்பட்டு வந்தார். வந்தால், இந்தக் கட்டடத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சேதுராமன் போன வாரம் அது.

எந்த வாயால் சொல்வது? திரும்பிப் போய்விட்டார். அடுத்த குளிர்காலம் வந்தது. வேறு ஆந்தை ஏதாவது பதில் கொடுக்கிறதா பார்ப்போம் என்று விக்கலம்மாவின் குரலைத் தோப்பில் போட்டுப் பார்த்தார். தலைக்கு மேலேயே பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருப்பது நினைவில் இல்லை. அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு ஷியாமளாவிடமிருந்து போன் வந்தது. அழுகையும் சிரிப்புமாக, அவள் இருக்கிறாள், உஸைர் பாய், அவளாவது இருக்கிறாள் என்று போன் வந்தது.

“சார் போனதுக்கு அப்புறம் நீங்க சிரிச்சு நான் அன்னிக்குத்தான் கேட்டேன் மேடம்,” என்றார் உஸைர். “அதுக்கப்புறம் எப்படி நிறுத்துவேன்?”

நிறுத்தவில்லை. குளிர்காலம்தோறும் தோப்புக்குப் போனார், விக்கலம்மாவைக் கூவ வைத்தார், சேதுராமனின் குரல் வருவதற்கு முன்னால் அமுக்கி நிறுத்தினார்.

ஷியாமளா நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தாள். அவமானம் ஒரு பக்கம் எரிந்தது. விக்கல் வருஷத்துக்கு வருஷம் இம்மியும் மாறவில்லை, ஆகவே இது அதே பறவைதான் என்று கம்பெனிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் அவள். கைதட்டினார்கள். உயிருள்ள தொண்டை எதுவும் ஒரே மாதிரி இரண்டு முறை விக்காது என்பதை விலங்கியல் படித்த ஒருத்தி யோசித்திருக்க வேண்டாமா? இம்மியும் மாறாததுதான் பொய்யின் அடையாளம் என்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அவளுக்கு ஏதாவது ஒன்று மாறாமல் இருக்க வேண்டியிருந்தது.

“செத்துப்போனதை உயிரோட இருக்குன்னு எல்லார் முன்னாலயும் என்னைச் சொல்ல வெச்சுட்டீங்களே,” என்றாள். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் உஸைருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அவர் மெதுவாக இன்னொன்றைச் சொன்னார். அதுதான் அவளை அசைத்தது. அந்தப் பழைய தோப்பு எதனால் நிற்கிறது? புதிதாக நட்ட மரங்களுக்குத் தண்ணீர் போதவில்லை, வயதான தோப்பின் குழாயை எடுத்து அங்கே போடலாம் என்று கம்பெனி எப்போதோ பேசியது. ஆந்தை முட்டையிடும் இடம், தொடாதே என்று அறிக்கை எழுதி நிறுத்தியவள் ஷியாமளா. திங்கட்கிழமை சான்றிதழ்த் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். பறவை இல்லை என்று அவள் வாய் திறந்தால் கோடைக்குள் குழாயை எடுத்துவிடுவார்கள். மரம் காயும். முயல், நரி, முள்ளெலி எல்லாம் போகும்.

“நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது மேடம். நான் மண்ணுல போற வரைக்கும் சொல்ல மாட்டேன்.”

ஷியாமளா எழுந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். போகும்போது அவள் மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கேட்டால், நியாயமாகச் சொல்ல வேண்டும், பொய்யின் பக்கம்தான். ஒரு தோப்பு முழுக்க உயிர்கள். தன் பெயர். உஸைரின் வேலை. இத்தனைக்கும் எதிரே ஒரு சின்ன மௌனம். வாயை மூடிக்கொள்வது என்ன பெரிய பாவம்?

மடிக்கணினியைத் திறந்தாள். எவையெல்லாம் உஸைர் கூவ வைத்தவை என்று பார்த்துவிடலாம் என்றுதான் திறந்தாள். இந்தப் பருவத்துப் பதிவுகள் கொஞ்சம் ஏற்கெனவே வந்திருந்தன. ஓடவிட்டாள். கூவல், கூவல், விக்கல், கிணுக். பின்னாலேயே எங்கோ தொலைவில் மங்கலாக, சுருதி இறங்கி, ஒரு சத்தம். அதை மோட்டார் அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்று குறித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் குறித்தாள்.

எதிரொலி என்றால் அதிலும் விக்கல் இருக்க வேண்டுமே.

இல்லை. அந்தச் சத்தம் வெட்டில்லாமல் நீளமாக, தடித்து வந்தது. அடுத்த பதிவைத் திறந்தாள். அதன் ஆரம்பத்தில் தேவையில்லாத இரைச்சல் என்று அவள் ஒதுக்கியிருந்த ஒரு பகுதி இருந்தது. அதையும் ஓடவிட்டாள்.

முதலில் எதிரொலி வந்தது. அதற்குப் பிறகுதான் விக்கலம்மாவின் குரல் வந்தது.

எந்தச் சுவர் கேள்விக்கு முன்னால் பதில் சொல்லும்? அது எதிரொலி இல்லை. ஓர் ஆண் ஆந்தை. உயிருள்ள ஆந்தை. கருவிக்கு எட்டாத பாறைப் பக்கம் எங்கோ இருந்துகொண்டு, விக்கலம்மாவின் குரல் கேட்கும்போதெல்லாம் தோப்பை நோக்கி வந்திருக்கிறது. குளிர்காலம்தோறும் வந்திருக்கிறது. இந்த வருஷம் முன்னாலேயே வந்து, எங்கே இருக்கிறாய் என்று அதுவாகக் கேட்டிருக்கிறது. கேட்ட பிறகு பதிலும் வந்திருக்கிறது, உஸைரின் கைபேசியிலிருந்து.

ஷியாமளா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சற்று முன்னால் சமையலறையில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது இல்லாத மனிதருக்கு அவளும் பதில் சொன்னாளே. கேட்டுச்சுங்க என்று சொன்னாளே. அவளுக்காவது ஒரே ஒரு தடவை. அந்தப் பறவைக்கு எத்தனை குளிர்காலம்? வேறொரு துணையைத் தேடிப் போயிருக்க வேண்டியது, மண்ணுக்குள் போனவளின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பாறைக்கும் தோப்புக்கும் அலைந்திருக்கிறது. அவள் சிரிக்க வேண்டும் என்று ஒரு நல்ல மனிதர் செய்த காரியம் இது. அவளும் அதைக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

கூடத்துக்கு அவள் திரும்பி வந்தபோது உஸைர் எழுந்து நின்றார். அவள் மடிக்கணினியை அவர் முன்னால் வைத்து ஓடவிட்டாள். இரண்டு குரலையும் பிரித்துக் காட்டினாள். புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் ஒன்றைத்தான் கொன்றேன் என்று நினைத்திருந்தேன் என்று முணுமுணுத்தார்.

“அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு உங்க போன்ல அழிச்சிடுங்க,” என்றாள் ஷியாமளா. “இனிமே அந்தத் தோப்புல அவ குரல் கேக்கக் கூடாது.”

கேட்காவிட்டால் தோப்பு என்னாகும் என்று அவர் கேட்டார். தெரியாது என்றாள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள். விக்கலம்மா செத்ததை, எலிமருந்தை, பொய்க் கூவலை, அது பொய் என்று கண்டுபிடிக்காமல் பெருமை பேசிய தன்னை. கடைசியில், தொலைவில் ஓர் ஆண் இன்னும் உயிரோடு இருக்கிறது, அது தேடி வருகிற இடம் அந்தத் தோப்புதான் என்பதையும் சொல்வாள். அந்த ஓர் உயிருக்காக அவர்கள் தண்ணீரை விட்டுவைப்பார்களா, மாட்டார்களா என்பது அவள் கையில் இல்லை. பொய்யான பறவையைக் காட்டி ஒரு தோப்பைக் காப்பாற்றினால், உண்மையான பறவையை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

உஸைர் அனுப்பினார். அவளுடைய கைபேசி மேசையில் ஒரு முறை அதிர்ந்தது. அழிப்பதற்கு முன்னால் அவர் தலை நிமிர்ந்து கேட்டார்.

“அதுல சார் குரல் இருக்கே மேடம். அதை மட்டும் வெட்டி நீங்க வெச்சுக்கிட்டு மீதியைக் கொடுக்கலாமே. யார் யாரோ கேப்பாங்க.”

அந்த இரண்டு சொல். கட்டியவளை அவர் தனிமையில் கூப்பிட்ட பெயர். நாளை மறுநாள் ஏதோ ஓர் அலுவலகத்து மேசையில், குளிரூட்டப்பட்ட அறையில், கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருக்கும் யாரோ அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார்கள். என்ன மொழி, என்ன சொல்கிறார் என்று விசாரிப்பார்கள். அவள்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

“வெட்ட வேணாம்,” என்றாள். “இது பழைய பதிவுன்னு நிரூபிக்க வேற என்ன இருக்கு? அவர்தான் சாட்சி.”

உஸைர் அழித்தார். அழித்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை தானும் வருவதாகச் சொன்னார். எலிமருந்து விஷயத்தை மேடம் வாயால் சொல்ல வேண்டாம், தான் வைத்ததைத் தானே சொல்வதாகச் சொன்னார். வேலை போகும் என்று இருவருக்கும் தெரியும். ஜுபைதாவுக்கு என்ன சொல்வீர்கள் என்று ஷியாமளா கேட்டாள். அவள் அனுப்பியதையே இன்னும் கேட்கவில்லை மேடம், முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன் என்றார். இருவர் முகத்திலும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

தேநீர் போடவே இல்லை என்பது அவர் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இருங்கள் என்றாள். வேண்டாம் என்று தலையசைத்தார். வெளியே கால் வைத்தவர் திரும்பினார்.

“அந்த ஆணு இன்னும் கூப்பிடுமா மேடம்?”

“கொஞ்ச நாளைக்குக் கூப்பிடும்,” என்றாள் ஷியாமளா. “பதில் வரலேன்னா நிறுத்திட்டு வேற பக்கம் கூப்பிடும். அதுக்குத்தானே அதை விடணும்.”

உஸைர் நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்கினார். செருப்புச் சத்தம் கீழ்மாடி வரை தேய்ந்து போகும்வரை ஷியாமளா வாசலில் நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.